இன்போர்டு எஞ்சினை ஸ்டெர்ன்டிரைவ் படகில் வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்டாரியோவில் ஏரிப் பனி உருகத் தொடங்கியதும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, என் ஸ்டெர்ன்டிரைவ் படகின் எஞ்சின் குளிரில் வெடித்துவிட்டது. ஒருவர் பழைய ஸ்கி படகின் எஞ்சினை மலிவாகத் தருகிறார். இரண்டும் 5.7 லிட்டர் வி8தான். வாங்கலாமா?" வாங்கலாம், ஆனால் சில விஷயங்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பதுதான் என் பதில். அந்தச் சில விஷயங்களை ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன். பேச்சு முழுக்க ஜிஎம் நிறுவனத்தின் 5.7 லிட்டர், அதாவது 350 கன அங்குல, பெட்ரோல் எஞ்சினைப் பற்றியது. வட அமெரிக்க ஏரிகளில் ஓடும் பழைய படகுகளில் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

இன்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் இரண்டிலும் எஞ்சின் படகுக்குள்தானே இருக்கிறது? பிறகு என்ன வித்தியாசம்?

எஞ்சினுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். இன்போர்டில் எஞ்சினோடு ஒரு கியர்பாக்ஸ், அதிலிருந்து படகின் அடியைத் துளைத்து வெளியே போகும் ஷாஃப்ட், அதன் முனையில் புரொப்பெல்லர். திருப்புவதற்குத் தனியாகச் சுக்கான். ஆளை இழுத்துத் தண்ணீரில் சறுக்கவைக்கும் பழைய ஸ்கி படகுகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சின் படகின் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவருக்கு வெளியே தொங்கும் டிரைவிலேயே கியரும் புரொப்பெல்லரும் இருக்கும். டிரைவ் முழுவதும் இடமும் வலமும் திரும்புவதால் சுக்கான் தேவையில்லை. வோல்வோ பென்டா நிறுவனம் 1959இல் அக்வாமாட்டிக் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 1961இல் மெர்க்ரூசர் என்ற ஸ்டெர்ன்டிரைவ் வந்தது.

சரி, எஞ்சின் இரண்டிலும் ஒன்றுதானா?

பிளாக், கிராங்க், பிஸ்டன், சிலிண்டர் ஹெட் எல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான். மெர்க்ரூசர், வோல்வோ பென்டா, ஸ்கி படகுகளுக்கு எஞ்சின் செய்தவர்கள் என எல்லோரும் ஜிஎம்மிடம் அதே அடிப்படை எஞ்சினை வாங்கித் தங்கள் சாமான்களை மாட்டி விற்றார்கள். அதனால்தான் இந்த மாற்று வேலையே சாத்தியமாகிறது. மாறுவது முன்பக்கமும் பின்பக்கமும் மாட்டியிருப்பவை: ஃபிளைவீல், அதன் கூடு, கப்ளர் (ஃபிளைவீலையும் டிரைவின் ஷாஃப்டையும் இணைப்பது), தண்ணீர் பம்பு, எக்ஸாஸ்ட், தாங்கிகள், வயரிங்.

ஆகவே நான் சொல்லும் வழி இதுதான். வாங்கிய எஞ்சினைப் பிளாக்கும் ஹெட்டுமாக உரித்துக்கொள்ளுங்கள். உங்கள் படகிலிருந்து இறக்கிய பழைய எஞ்சினின் சாமான்களை அதில் மாட்டுங்கள். ஸ்கி படகின் சாமான்களை ஸ்டெர்ன்டிரைவுக்கு இழுத்து வளைத்துப் பொருத்த முயன்றவர்கள் கடைசியில் புது எஞ்சின் விலையைச் செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பழைய எஞ்சின் செத்துப்போயிருந்தாலும் அதன் ஃபிளைவீல் கூடு, கப்ளர், பிராக்கெட் எதையும் இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். இந்த வேலையின் பாதிப் பணம் அவற்றில்தான் இருக்கிறது.

விற்பவரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்?

"எந்தப் பக்கம் சுழலும்?" என்று கேளுங்கள். இரட்டை எஞ்சின் இன்போர்டு படகுகளில் ஒரு எஞ்சினை வேண்டுமென்றே எதிர்த்திசையில் சுழலும்படி செய்திருப்பார்கள். இரண்டு புரொப்பெல்லர்களும் எதிரெதிராகச் சுழன்றால்தான் படகு ஒருபக்கம் இழுக்காது. பழைய படகுகளில் இது சர்வசாதாரணம். சில ஒற்றை எஞ்சின் படகுகளிலும் உண்டு.

ஸ்டெர்ன்டிரைவுக்கு வழக்கமான சுழற்சி உள்ள எஞ்சின்தான் வேண்டும். முன்னால் நின்று பார்க்கும்போது கப்பி கடிகார முள் போலச் சுழல வேண்டும், கார் எஞ்சின் மாதிரியே. விற்பவருக்குத் தெரியாது என்றால் ஸ்டார்ட்டரை ஒரு நொடி தட்டச் சொல்லிக் கப்பியைப் பாருங்கள். ஸ்டார்ட்டரும் வேலை செய்யவில்லையென்றால் இன்டேக் மேனிஃபோல்டில் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, அச்சாகியிருக்கிறதா, பிளக் வயர்கள் எந்த வரிசையில் போகின்றன என்று பாருங்கள். வழக்கமான எஞ்சினில் 1-8-4-3-6-5-7-2. எதிர்ச்சுழற்சியில் 1-2-7-5-6-3-4-8.

எதிர்ச்சுழற்சி எஞ்சினை நேராக்கலாமா என்றும் கேட்பார்கள். கேம்ஷாஃப்ட், அதை ஓட்டும் பகுதி, டிஸ்ட்ரிபியூட்டர் கியர், ஸ்டார்ட்டர், கிராங்க் சீல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டப்போகிறீர்கள் என்றால் செய்யலாம். மலிவாகக் கிடைத்தது என்பதற்காகச் செய்யாதீர்கள்.

ஃபிளைவீல் பொருந்தாது என்கிறார்களே?

பொருந்தாமல் போகலாம். 350 எஞ்சினின் கிராங்கில் பின்பக்க எண்ணெய் சீல் 1986 மாடல் ஆண்டுவாக்கில் மாறியது. அதற்கு முன் இரண்டு துண்டு சீல், பிறகு ஒரே துண்டு. சீலோடு ஃபிளைவீல் போல்ட் வட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகச் சுருங்கியது. பழைய ஃபிளைவீல் புதுக் கிராங்கில் உட்காரவே உட்காராது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று எடைச் சமநிலை. பழைய 350இல் ஃபிளைவீல் தனக்குள் சமமாக இருக்கும். ஒரே துண்டு சீல் உள்ளதில் ஃபிளைவீலின் ஒரு பக்கத்தில் எடை கூடியிருக்கும், கிராங்கின் சமநிலை அதையும் சேர்த்துத்தான். ஆகவே வாங்கும் எஞ்சினும் உங்கள் பழைய எஞ்சினும் ஒரே வகைச் சீல் உள்ளவையா என்று பாருங்கள். ஒரே வகை என்றால் உங்கள் ஃபிளைவீலையும் கப்ளரையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்தக் கிராங்குக்கு உரிய ஃபிளைவீலைத் தேட வேண்டும், அதில் உங்கள் கப்ளருக்கான துளைகள் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் பற்களும் ஒத்துப்போக வேண்டும்.

ஸ்கி படகு எஞ்சினின் ஃபிளைவீலில் இருப்பது கப்ளர் அல்ல, ஸ்பிரிங்குகள் வைத்த டாம்பர் தட்டு. கியர்பாக்ஸுக்கு அதுதான் சரி. மெர்க்ரூசர் டிரைவின் ஷாஃப்ட் போய்ப் பிடிப்பது ரப்பர் வைத்த கப்ளரின் பற்களில். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது.

தண்ணீர் பம்பைப் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

புதிதாகப் பொருத்திய எஞ்சின் முதல் நாளிலேயே வெந்துபோவது இதனால்தான். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

படகு எஞ்சினில் இரண்டு பம்புகள். ஒன்று எஞ்சினின் முன்னால் இருக்கும் சுழற்சிப் பம்பு, காரில் இருப்பது போன்றது. அது எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீரைச் சுற்றவைக்கும், அவ்வளவே. ஏரியிலிருந்து தண்ணீரை மேலே இழுத்துக்கொண்டு வருவது இன்னொரு பம்பு, ரப்பர் இம்பெல்லர் வைத்தது. அந்த இரண்டாவது பம்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் டிரைவில் அது டிரைவின் கீழ்ப் பகுதிக்குள் இருக்கிறது. எஞ்சினில் தனிப் பம்பு கிடையாது. மெர்க்ரூசரின் இன்னொரு வகையான பிராவோ டிரைவில் பம்பு எஞ்சினின் முன்னால் பெல்ட்டில் ஓடும். இன்போர்டிலும் எஞ்சினில்தான். அங்கே தண்ணீர் படகின் அடியில் உள்ள துளை வழியாக வரும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். இன்போர்டு எஞ்சின் உங்கள் ஆல்ஃபா படகுக்கு வருகிறது என்றால் அதிலுள்ள ஏரிநீர்ப் பம்பைக் கழற்றிவிட்டு, டிரைவிலிருந்து வரும் குழாயைத் தெர்மோஸ்டாட் கூட்டுக்குக் கொடுத்தால் போதும். பிராவோ படகுக்கு வருகிறது என்றால் பம்பை வைத்துக்கொண்டு, அதன் உறிஞ்சு குழாயைப் பின்சுவர்த் தட்டிலிருந்து (டிரைவ் மாட்டியிருக்கும் தட்டு) வரும் குழாயோடு இணைக்கலாம். ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஆல்ஃபாவிலிருந்து எடுத்த எஞ்சினை இன்போர்டில் வைப்பவர் முன்னால் ஒரு பம்பு இருப்பதைப் பார்த்து, தண்ணீர் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார். வராது. கிராங்கிலோ பெல்ட்டிலோ ஓடும் ஏரிநீர்ப் பம்பு ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

சிம்கோ ஏரியில் ஒருவருடைய படகை இப்படித்தான் இழுத்து வந்தோம். எஞ்சின் மூடியைத் திறந்தால் எரிந்த ரப்பர் வாடை. எக்ஸாஸ்ட் குழாயின் ரப்பர் உருகி இரும்பில் கறுப்பாக ஒட்டியிருந்தது. தண்ணீர் வராதபோது முதலில் போவது அந்த ரப்பர்தான். படகு எஞ்சினின் எக்ஸாஸ்ட் குழாய்கள் தண்ணீரால் குளிர்வதை நம்பித்தான் ரப்பரில் செய்யப்பட்டிருக்கின்றன.

இன்போர்டின் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் கூலர் வேண்டும் என்பதையும் இதோடு நினைவில் வையுங்கள். ஸ்டெர்ன்டிரைவ் எஞ்சினோடு அது வராது. தண்ணீர்ப் பாதையில் அதையும் சேர்க்க வேண்டும்.

எக்ஸாஸ்ட்டை அப்படியே விடலாமா?

மேனிஃபோல்டுகள் ஹெட்டில் பொருந்தும், ஏனென்றால் ஹெட் ஒன்றே. அதற்கு மேலே உள்ளவை மாறும். ஸ்டெர்ன்டிரைவில் இரண்டு பக்கப் புகையும் ஒரு ஒய் வடிவக் குழாயில் சேர்ந்து பின்சுவர்த் தட்டு வழியாக டிரைவுக்குப் போகும். இன்போர்டில் பெரும்பாலும் இரண்டு தனிக் குழாய்கள் பின்சுவரைத் துளைத்து வெளியேறும். உங்கள் படகின் மேனிஃபோல்டையும் அதன்மேல் நிற்கும் ரைசரையும் (புகையை மேலே ஏற்றிக் குழாய்க்குத் திருப்பும் வளைவு) போடுங்கள், அளவு தானாகச் சரியாகிவிடும்.

இன்போர்டில் வைப்பவர்கள் ரைசரின் உயரத்தை அளக்க வேண்டும். படகு நிறைந்த பாரத்தோடு மிதக்கும்போது ரைசரின் உச்சி நீர்மட்டத்துக்கு மேல் ஒரு அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். குறைந்தால், படகு சட்டென்று நின்று பின்னால் வரும் அலை மோதும்போது தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் ஏறும். மெர்க்ரூசரின் ஒய் குழாயில் அதைத் தடுக்க ரப்பர் ஷட்டர்கள் உண்டு. பழைய படகுகளில் அவை உதிர்ந்து காணாமல் போயிருக்கும். எஞ்சின் வெளியே இருக்கும்போது கையை விட்டுத் தடவிப் பாருங்கள், இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. அலைன்மென்ட் எப்படிப் பார்ப்பது?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஸ்டெர்ன்டிரைவ் எஞ்சின் மூன்று அல்லது நான்கு இடங்களில் நிற்கும்: பின்னால் பின்சுவர்த் தட்டின் இரண்டு காதுகள், முன்னால் ஒரு தாங்கி அல்லது இரு பக்கத் தாங்கிகள். பின்பக்க உயரத்தை மாற்ற முடியாது, முன்பக்கத்தை ஏற்றி இறக்கித்தான் நேராக்க வேண்டும். இன்போர்டில் நான்கு தாங்கிகளும் நீளவாட்டுச் சட்டங்களின்மேல் இருக்கும். அதனால்தான் அந்த எஞ்சின் தன் தாங்கிகளோடு உங்கள் படகில் உட்காராது.

டிரைவ் இல்லாமல், வெளியிலிருந்து அலைன்மென்ட் கம்பியை, பின்சுவர்த் தட்டில் டிரைவின் ஷாஃப்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் வழியாக உள்ளே தள்ளுங்கள். அது கப்ளரின் பற்களுக்குள் போக வேண்டும். இரண்டு விரல்களால் தள்ளினால் போய், இரண்டு விரல்களால் இழுத்தால் வர வேண்டும். சுத்தியலைத் தேடினால் அலைன்மென்ட் தப்பு. கம்பியின் முனையில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி உள்ளே விட்டு நேராக வெளியே இழுத்துப் பாருங்கள். கப்ளரின் பற்கள் கிரீஸில் கோடு போட்டிருக்கும். சுற்றிலும் கோடு ஒரே ஆழமாக இருந்தால் முடிந்தது. மேல்பக்கம் மட்டும் கிரீஸ் வழித்துப் போய்க் கீழே அப்படியே இருந்தால் முன்தாங்கியைக் கொஞ்சம் திருகி, கம்பியைத் துடைத்து, மறுபடி. ஆறு ஏழு முறை ஆகும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுப் புதுக் கிரீஸ் வையுங்கள், இல்லையென்றால் பழைய கோட்டைப் பார்த்து ஏமாறுவீர்கள்.

இன்போர்டில் கியர்பாக்ஸ் விளிம்பையும் ஷாஃப்ட் விளிம்பையும் முகத்தோடு முகம் வைத்து, சுற்றிலும் ஃபீலர் கேஜால் இடைவெளி பார்க்க வேண்டும். வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கைத் தாண்டக் கூடாது. படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான் இதைப் பார்க்க வேண்டும். டிரெய்லரில் இருக்கும்போது படகின் உடல் வேறு மாதிரி வளைந்திருக்கும்.

இன்போர்டு எஞ்சின் சாய்ந்து இருக்குமாமே?

ஆமாம். நேர் ஷாஃப்ட் படகில் எஞ்சின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், ஸ்டெர்ன்டிரைவில் கிட்டத்தட்ட மட்டமாக. அதனால் எண்ணெய்க் குச்சியில் உள்ள கோட்டை நம்ப முடியாது. எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன அளவை அளந்து ஊற்றி, குச்சியில் புதுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் ஆப்பு மாதிரி ஒரு தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், அது சாய்வைச் சரிக்கட்ட வைத்தது.

வயரிங்கில் என்ன மாறும்?

ஆல்ஃபா டிரைவில் கியர் டிரைவுக்குள் பல்லோடு பல் மாட்டும் வகை. அந்தப் பற்களை விடுவிக்க, கியர் மாற்றும் அந்தக் கணத்தில் எஞ்சினின் இக்னிஷனை ஒரு சுவிட்ச் நொடிப்பொழுது வெட்டும். இன்போர்டு எஞ்சினில் அந்த இணைப்பு இருக்காது. அதைச் சேர்க்காமல் விட்டால் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வராமல் இறுகி நிற்கும். படகுத்துறைக்கு நெருக்கமாக வரும்போது அப்படி நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிராவோவிலும் வோல்வோவிலும் கூம்பு கிளட்ச் இருப்பதால் இது வேண்டாம்.

கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்ச் இன்போர்டில் கியர்பாக்ஸில் இருக்கும், ஸ்டெர்ன்டிரைவில் கன்ட்ரோல் பெட்டியில். இடம் மாறுகிறது என்பதால் அதை விட்டுவிடாதீர்கள்.

கார் எஞ்சின் இன்னும் மலிவு. அதை வைத்தால் என்ன?

மச்சான் வீட்டுப் பின்புறத்தில் கிடக்கும் பழைய பிக்கப் வண்டியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், பிளாக்கை மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் பித்தளை ஃப்ரீஸ் பிளக் (பிளாக்கின் பக்கத் துளைகளை அடைக்கும் மூடி), படகுக்கான ஹெட் கேஸ்கெட் எல்லாம் மாற்றிய பிறகு. வெளிச் சாமான்களை ஒருபோதும் வைக்காதீர்கள்.

காரில் பெட்ரோல் ஆவி கீழே போய்க் காற்றில் கலந்துவிடும். படகில் அது அடிக்குழியில் தேங்கும், காற்றைவிடக் கனமானது. கார் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ளே பொறி தெறிக்கும். படகுக்கு உரியவை அந்தப் பொறி வெளியே வராதபடி அடைக்கப்பட்டவை. படகு கார்புரேட்டர் வழிந்தால் பெட்ரோல் தன் தொண்டைக்குள்ளேயே விழும், கார் கார்புரேட்டர் வெளியே வழியும். பெட்ரோல் பம்பும் அப்படியே: படகுப் பம்பில் டயாஃப்ரம் கிழிந்தாலும் பெட்ரோல் அடிக்குழிக்குப் போகாது. கார்புரேட்டரின்மேல் ஃபிளேம் அரெஸ்டர், அதாவது தீ வெளியே பாயாமல் தடுக்கும் மூடி, கட்டாயம். இவை தேவையில்லாத ஆடம்பரங்கள் என்று யாராவது சொன்னால் அவரோடு படகில் ஏறாதீர்கள். உங்கள் பிள்ளைகளை நிச்சயமாக ஏற்றாதீர்கள்.

பழைய எஞ்சினை எப்படிச் சோதித்து வாங்குவது?

கனடாவில் முதல் சந்தேகம் குளிர்தான். தண்ணீரை வடிக்காமல் ஒரு குளிர்காலம் விட்டிருந்தால் பிளாக் விரிசல் விட்டிருக்கும். விரிசல் வெளிப்பக்கம் ஃப்ரீஸ் பிளக்குகளுக்குப் பக்கத்தில் நீளவாட்டில் ஓடலாம். அதை ஒட்டுப் போட்டுப் பெயின்ட் அடித்து மறைத்திருப்பவர்களும் உண்டு. இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ளே வெடித்திருந்தால் வெளியே எதுவும் தெரியாது. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் வீட்டுக்குப் போய்விடுங்கள். எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம்.

1996க்குப் பிந்தைய வோர்டெக் ஹெட் உள்ளதா என்றும் கேளுங்கள். அதில் இன்டேக் எட்டு போல்ட்டில் நிற்கும், பழையதில் பன்னிரண்டு. உங்கள் பழைய இன்டேக்கை அதில் மாட்ட முடியாது.

என் படகில் ஃபோர்டு எஞ்சின் இருக்கிறது. ஜிஎம் வைக்கலாமா?

ஓஎம்சி கோப்ரா என்ற இன்னொரு ஸ்டெர்ன்டிரைவ் உள்ள படகுகளிலும் பழைய ஸ்கி படகுகளிலும் ஃபோர்டு 302, 351 எஞ்சின்கள் உண்டு. ஃபோர்டுக்கு ஃபோர்டே தேடுங்கள். கூடு, தாங்கி, எக்ஸாஸ்ட் எதுவும் ஜிஎம்மோடு ஒத்துப்போகாது. 302க்கும் 351க்கும் இடையிலேயே ஃபயரிங் ஆர்டரும் ஃபிளைவீல் எடையும் மாறலாம், பார்த்து வாங்குங்கள்.

எஞ்சினை விடுங்கள், படகையே ஸ்டெர்ன்டிரைவிலிருந்து இன்போர்டாக மாற்றினால்?

வேண்டாம். பின்சுவரில் உள்ள பெரிய ஓட்டையை அடைக்க வேண்டும். அடியில் ஷாஃப்டுக்குத் துளை, அதைத் தாங்க ஸ்ட்ரட், சுக்கான், அதற்கான ஸ்டியரிங், எஞ்சினுக்குப் புதுச் சட்டங்கள் என்று வேலை நீளும். எல்லாம் செய்தாலும், டிரைவையும் சேர்த்தால் ஏறக்குறைய 400 கிலோ எடை பின்முனையில் இருக்கும் என்று கணக்குப் போட்டு வரைந்த படகு அது. எடையை நடுவுக்கு நகர்த்தினால் முன்முனையான அணியம் தாழும், படகு எழும்ப மறுக்கும். எதிர்ப்பக்க மாற்றமும் சுலபமில்லை. மெர்க்ரூசர் டிரைவுக்குப் பின்சுவர் இரண்டு அங்குலத்திலிருந்து இரண்டேகால் அங்குலத் தடிமனும் சரியான சாய்வும் உள்ளதாக, இரு முகமும் இணையாக இருக்க வேண்டும். டிரைவ் பிடிக்கவில்லை என்றால் படகை விற்று உங்களுக்குப் பிடித்த வகைப் படகை வாங்குங்கள்.

புரொப்பெல்லரை மாற்ற வேண்டுமா?

அதே 5.7 என்றால் பெரும்பாலும் வேண்டாம். முழு வேகத்தில் ஓட்டிச் சுற்று பாருங்கள். கார்புரேட்டர் உள்ள 5.7க்கு 4400 முதல் 4800 வரை வர வேண்டும். குறைந்தால் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) குறைந்த புரொப்பெல்லர், கூடினால் பிட்ச் கூடியது. ஓர் அங்குலப் பிட்சுக்கு 150 முதல் 200 சுற்று மாறும். 4.3 வி6 இருந்த படகில் 5.7 வைப்பவர்கள் டிரைவின் கியர் விகிதத்தையும் பார்க்க வேண்டும். வி6 ஆல்ஃபாவில் 1.8க்கு அருகே, வி8இல் 1.5க்கு அருகே.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது?

எஞ்சின் மூடியைத் திறந்துவையுங்கள். அடிக்குழியைத் துணியால் துடைத்து உலரவிட்டு, பெட்ரோல் குழாய் இணைப்புகள் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு துண்டுச் செய்தித்தாள் வையுங்கள். அடிக்குழியின் ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோவரை நான்கு நிமிடம் ஓடவிட்டு, குனிந்து மோந்து பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஒருவர் வெப்பமானியைப் பார்க்க, இன்னொருவர் இரண்டு ரைசர்களின் ரப்பர்மேலும் கையை வைக்கட்டும். சில நிமிடத்தில் இரண்டும் கை பொறுக்கும் சூட்டில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று சுட்டால் உடனே நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து அணைத்து, அந்தச் செய்தித்தாள்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றில்கூட ஈரமோ வாடையோ இல்லை என்றால் மட்டும் மூடியைப் போட்டுத் துறையை விட்டுக் கிளம்பலாம்.